உதட்டுக் கொப்புளம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். உதட்டில் கொப்புளம் இருந்த இளையவள் சொன்னாள்: "தம்பி பிள்ளைக்கு நான் முத்தம் குடுக்க மாட்டேன்."

"அக்கிதானே? காவிமண்ணக் கரைச்சு மேல எழுதுனா ஆறிரும்," என்றாள் மூத்தவள்.

"இல்லக்கா, டாக்டரம்மா இது ஹெர்ப்பிஸ்னாங்க. அக்கியும் அதே வம்சந்தான், ஆனா கிருமி வேற. இதுலயே ரெண்டு வகை. ஒண்ணு பெரும்பாலும் வாயில வரும், இன்னொண்ணு இடுப்புக்குக் கீழ. முத்தம் குடுத்தா, புண்ணத் தொட்ட கையால தொட்டாக்கூட ஒட்டிக்கிடும். பச்சப்பிள்ளைக்கு வந்தா உசுருக்கே ஆபத்தாம்."

"பிள்ளையில்லாதவ, பொறாமையில தொடலைன்னுல்ல பேசுவாக?"

"பேசட்டும்க்கா."

சிவகாசியில் தம்பி மனைவி கைக்குழந்தையோடு காத்திருந்தாள். "மதினி, தூக்குங்க," என்று நீட்டினாள்.

இளையவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "புண்ணு ஆறட்டும், தாயி. பெறகு கீழ எறக்கியே விட மாட்டேன்."