சன்னலுக்கு எதிர்ச்சுவர்

விற்கிற படத்துக்கு டை மை நல்லதா, பிக்மென்ட் மை நல்லதா என்று என் அச்சுக்கடைக்கு வருகிற புகைப்படக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். டை மை கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் வெளுத்துவிடும். பிக்மென்ட் கொஞ்சம் அடக்கமாகத் தெரியும், ஆனால் பேரன் காலம்வரை நிற்கும். காசு வாங்கிக்கொண்டு விற்பதென்றால் பிக்மென்ட்தான் என்பேன். வாடிக்கையாளர் யாரையும் நான் ஏமாற்றியதில்லை.

எங்கள் மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் என் மனைவி எந்நேரமும் அவள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பெற்றவன்தானே? என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. ஒருநாள் வாய் திறந்தாள், அதுவும் படத்துக்காக.

“பாப்பா படம் ஒண்ணு பெருசா போட்டுக் குடுங்க. அழியாத மையில.”

டை மையில் போட்டேன். கண்ணாடிச் சட்டம் இல்லாமல், வெயில் நேராக விழும் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். கணினியிலும் கைபேசிகளிலும் இருந்த மற்ற படங்களை அழித்துவிட்டு, எல்லாம் கெட்டுப் போய்விட்டது என்றேன். என் தொழில் அது, நம்பினாள்.

சிவப்புதான் முதலில் போகும். உதடு வெளுத்தது, பிறகு கன்னம்.

“என்னங்க, பாப்பா முகம் மங்கலாத் தெரியுதே?”

“படம் அப்படியேதான் இருக்கு. அழுது அழுது உன் கண்ணுதான் கெட்டுப்போச்சு.”

அவள் பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார் கண் மருத்துவர். அப்படியானால் தன் புத்திதான் பேதலித்துவிட்டது என்று அவளே முடிவுகட்டினாள். நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டாள். தனியாகச் சாலையைக் கடக்கப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று அவள் என் கையைப் பிடித்து. எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது சுவரில் இருப்பது மஞ்சளேறிய ஒரு தாள். நேற்று அதன் முன்னால் நின்று கேட்டாள்.

“சிரிச்சா பாப்பாவுக்கு எந்தக் கன்னத்துலங்க குழி விழும்? எனக்கு மறந்துபோச்சு.”

“இடது கன்னத்துல.”

தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சமாதானமானாள். அவளைத் துக்கத்திலிருந்து மீட்கத்தான் இவ்வளவும் செய்தேன், வேறெதற்குமில்லை. எந்தக் கன்னம் என்று எனக்கும் நினைவில்லை.