திங்கக்கிழமை வகுப்புக்கு முன்னாடி

உக்காருங்க சார், வந்த காலோட கிளம்பினா எப்படி? தண்ணியாவது குடிங்க. பையன் உள் ரூம்லதான் இருக்கான். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்.

வாசல் தாண்டினதுமே சொல்லிட்டீங்களே, திங்கக்கிழமை ஆரம்பிக்கிற பெரிய கம்ப்யூட்டர் வகுப்புல அவனைச் சேத்துக்க முடியாதுன்னு. போன்ல சொல்லாம நேர்ல வந்தீங்க பாருங்க, நல்ல மனசு. நான் தப்பா எடுத்துக்கலை.

ஆனா, பழைய பாடமெல்லாம் மறந்துட்டான், அடிப்படையை இன்னொரு தடவை படிச்சுட்டு வரட்டும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அன்னிலேர்ந்து சோறு தண்ணி இல்ல. வேலை போனதுக்கப்புறம் அவனுக்கு இந்த வகுப்பை விட்டா வேற பிடிமானமே இல்ல. எனக்கு நாலெழுத்துதான் தெரியும். பக்கத்துல உக்காந்து கடவுளை வேண்டிக்கிட்டே இருப்பேன். கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பாடம் வந்துடுச்சு. இது நடந்தா அதைச் செய், நடக்கலைன்னா வேற ஒண்ணைச் செய். அவ்வளவுதானே மொத்த வித்தையும்?

அதுல ரெண்டாவது பாதியைத்தான் விட்டுடறான். பரீட்சையில நீங்ககூட செவப்பு மையால சுழிச்சிருந்தீங்க.

படிச்சதைச் செஞ்சு பாக்கணும்ல? வீட்டையே எடுத்துக்கிட்டான். இருட்டினா விளக்கு எரியணும்னு எழுதினான். எரிஞ்சுது. விடிஞ்சும் அணையலை, பட்டப்பகல்ல எரியுது பாருங்க. தொட்டி காலியானா மோட்டார் ஓடணும்னான். ஓடுச்சு. ரொம்பி வழிஞ்சு தெருவே நனைஞ்சு, பக்கத்து வீட்டம்மா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டா.

அட, கதவை ஏன் உலுக்கறீங்க? அதுவும் அவன் கைவேலைதான். ஆள் உள்ள வந்தா பூட்டிக்கும். நீங்க வந்ததும் டக்குன்னு ஒரு சத்தம் கேக்கலையா? சாவியெல்லாம் கிடையாது சார், அதைக் கழட்டிட்டான்.

நிலைக்கு மேல சின்னதா ஒரு மைக் இருக்குல்ல, அது உங்க பதிலுக்காக வெச்சது. சேத்துக்கறேன்னு சொன்னா கதவு திறக்கும். என் புள்ளை மேல உங்களுக்கு இரக்கம் வரணும்னு காலையிலேர்ந்து மண்டி போட்டுட்டுக் கிடந்தேன்.

ஐயோ, இப்ப சேத்துக்கறேன்னு கத்தி என்ன சார் பிரயோஜனம்? முதல்ல சொன்ன பதிலைத்தான் அது எடுத்துக்கும்.

கொஞ்சம் சும்மா இருங்க. உள்ள டைப் அடிக்கிற சத்தம் கேக்குதா? முடியாதுன்னு சொன்னா என்ன செய்யணுங்கறதை இப்பதான் எழுதறான்.