காலியா விட்டா அடுத்த நம்பர்

அழுது முடிச்சிட்டியா? மூக்கைத் துடைச்சிட்டு இப்படி உட்காரு. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். ஆபீஸ் வரைக்கும் தேடி வந்திருக்க, பதில் சொல்லாம உன்னை அனுப்ப மாட்டேன்டி. நம்ம அம்மா சாகக் கிடந்தப்ப உனக்கு ஏன் ஒரு போன் வரலை. அதானே?

அந்த முதியோர் இல்லத்து நர்ஸை முதல்ல திட்டுறதை நிறுத்து. அவ பாவம், பட்டனை அழுத்துவா, அதோட அவ வேலை முடிஞ்சுது. மணி யார் வீட்டுல அடிக்கணும்கிறது கம்ப்யூட்டர் பாடு. கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்குறது என் பாடு. கம்பெனிக்கு எத்தனை இல்லம் இருக்கோ அத்தனைக்கும் இந்த மேசைதான்.

ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கம்ப்யூட்டர்ல பட்டியலை டேபிள்னு சொல்வோம், ஒரு டேபிள்ல அங்க தங்கியிருக்கிறவங்க. இன்னொண்ணுல அவங்கவங்க சொந்தக்காரங்க நம்பர். அப்புறம் அந்தந்த மாடியைப் பார்த்துக்கிற பொறுப்பாளர் நம்பர், கம்பெனி நம்பர். எல்லாத்தையும் கோத்து ஒரே ஒரு நம்பரை எடுக்கணும். சொந்தக்காரங்க நம்பர் இருந்தா அது. காலியா இருந்தா மாடி நம்பர். அதுவும் காலின்னா கம்பெனி நம்பர். புரியுதுல்ல?

எனக்கு முன்னாடி இருந்தவர் கோத்த லட்சணத்தைக் கேளு. சொந்தக்காரங்க நம்பர் இல்லைன்னா ஆளே பட்டியல்லேர்ந்து காணாமப் போயிடுவாங்க. ஒரு பெரியவர் கட்டில்லேர்ந்து விழுந்து பட்டனை அழுத்து அழுத்துன்னு அழுத்தியிருக்கார், எங்கயும் மணி அடிக்கலை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்ல. நான்தான் லெஃப்ட் ஜாயின்னு வேற மாதிரி கோத்து சரி பண்ணேன். அந்தப் பக்கம் யாரும் இல்லைன்னாலும் இந்தப் பக்கத்து ஆளை விடாம வச்சுக்கும். எல்லாரும் கை தட்டி, பூங்கொத்து கொடுத்தாங்க. அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். பாப்பாவுக்குப் பூன்னா உசுரு, அவளுக்கு எடுத்து வைன்னா, உன்னைத்தான்.

ஏன் தலையைக் குனியுற? புதுசா என்ன சொல்லிட்டேன். சின்ன வயசுல சட்டை எடுக்கப் போனா உன்கிட்டதான் கலர் கேப்பா. எனக்கு, கடையில மிச்சம் எதுவோ அது. வாராவாரம் போய் நகம் வெட்டினது நான், படுக்கைத் துணி மாத்தினது நான். நான் கதவைத் திறந்ததும் என்ன கேப்பா தெரியுமா? பாப்பா வரலையா. பத்திக்கிட்டு எரியும் எனக்கு.

இரு, வர்றேன் விஷயத்துக்கு. ஒருத்தருக்கு ஒரு நம்பர்தான் போட முடியும். யாரோடதைப் போடலாம்னு அம்மாவையே கேட்டிருக்காங்க. உன்னோடதைச் சொல்லியிருக்கா. ஆமாடி, ஒழுங்காத்தான் ஏறியிருந்துச்சு. நான்தான் அதை அழிச்சு இடத்தைக் காலியாக்கினேன். கை தவறி எல்லாம் இல்ல, நல்லா யோசிச்சுத்தான் அழிச்சேன். அம்மா இருந்த மாடியோட பொறுப்பாளர் வேலையை விட்டுப் போனதுலேர்ந்து அந்த இடமும் காலி. அப்ப மிச்சம் கம்பெனி நம்பர்தான்.

அது எங்க அடிக்கும்னா கேக்குற? உன் முழங்கைகிட்ட இருக்கே, இந்தப் போன்ல.

அன்னைக்கு மத்தியானம் அடிச்சுது. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, நீங்க மகளான்னு நர்ஸ் கேட்டா. மகதான்னேன். பொய்யா அது? போனை அம்மா காதுல வச்சா. குரலைக் கேட்டதும் பாப்பாவான்னா. போற நேரத்துலயும் பாப்பாவாம். நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே குரல்னு ஊரே சொல்லுமே.

ஆமாம்மா, பாப்பாதான்னேன்.

வர்றியா கண்ணுன்னா. எனக்கு நேரமில்லம்மா, வர மாட்டேன்னேன். மூச்சை இழுத்துக்கிட்டா. அப்புறம், சரி போன்னா.

எந்திரிக்காத, இன்னும் முடிக்கலை. நான் போனை வைக்கலைடி. நீ வரலைன்னா அடுத்தது நான்தானே. பெரியவளையாவது வரச் சொல்லுன்னு நர்ஸ்கிட்ட கேப்பான்னு அப்படியே காதுல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு நிக்கிற வரைக்கும் லைன்லதான் இருந்தேன். அவ என்னைக் கேக்கவே இல்ல.