நடுங்காத கைகளுக்கு வாழ்த்து

சப்பாத்துச் சத்தம்! மாடிப்படியில் தடதடவென்று ஏறிவந்த அந்த இராணுவச் சத்தத்தில் இருந்தே இம்மடலைத் தொடங்குகிறோம், அம்மையே! வேறெங்கே தொடங்கினாலும் அது பொய்யாகிவிடும்.

எங்கள் கல்லூரியின் விஞ்ஞான விளக்கே! பௌதிகவியலைப் பயமின்றிப் படிப்பித்த பண்பாளரே! எதற்கும் நடுங்காத கைகளுக்கு உரியவரே! திருமதி ஜெகதீஸ்வரி அவர்களே! முப்பதாண்டுப் பணி நிறைவெய்தி விடைபெறும் உங்களை, பகலிலும் கதவைத் தாழிட்டுப் பழகிப்போன உங்கள் சகாக்கள் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

எங்கள் தலைக்குமேல், மேகங்களுக்கும் வெகு உயரத்தில், வெயில் பட்டு மின்னேறிய ஒரு காற்றுப் படலம் இருக்கிறது. அதன் பெயர் அயன மண்டலம் என்று சொல்லித் தந்தவர் நீங்கள். பகலில் குளம்போல் கிடக்கும் அது, பொழுதுபட்டால் எங்கள் பகுதியின்மேல் கொதிக்கும் கஞ்சிபோலக் குமிழ்விடும். அதனூடாக வரும் வானொலி அலைகள் அப்போது நடுங்கும். அந்த நடுக்கத்தை அளந்தால் மேலே நடப்பது தெரியும். பல நாட்டு வானொலி ஆர்வலர்கள் கூடி ஏவிய சின்னஞ்சிறு செய்மதிகள் ‘டிட் டா’ என்று மோர்ஸ் தந்தி ஒலியில் கூவிக்கொண்டு போகும்போது, கல்லூரி மொட்டைமாடியில் கையில் அன்ரெனாவுடன் அவற்றைப் பின்தொடர்ந்தீர்கள். சற்றே பிசகித் திரும்பினாலும் ஒலி மங்கிவிடும் அந்த அன்ரெனாவைச் சுடர் ஏந்துவதுபோல் ஏந்தினீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டு மாடியில் ரீவி அன்ரெனா இருந்தாலே விசாரிக்கிற போர்க்காலத்தில்! கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதம் உங்கள் கைப்பையில் இருந்தது உண்மைதான். ஆனால் சப்பாத்துகள் கடிதம் வாசிப்பதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முந்திய அந்தச் சனிக்கிழமை, உச்சி வெயில். செய்மதி கடந்துபோய்ச் சில நிமிடங்கள்தான். கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் கிளெமென்ற், காதில் ஹெட்போனுடன் நின்றார். மாடிக்கு வந்த இளம் இராணுவ அதிகாரி, புள்ளியும் கோடுமாக அவர் எழுதியிருந்த தாளைப் பார்த்தார். அடையாள அட்டையில் பிறந்த ஊர், போர் நடக்கும் வடக்கின் மன்னார் என்றிருந்ததையும் பார்த்தார். “யாரோட கதைச்சனி?” என்று சிங்களத்தில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கிளெமென்றை ஜீப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்படிப் போனவர்களின் வீட்டுக்காரர் எத்தனை வாசல்களில் படம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அறிந்த நாங்கள், நிலத்தைப் பார்த்தோம்.

நீங்கள் மட்டும் முன்னால் வந்தீர்கள். இது கேட்கும் பெட்டி மட்டுமே, இதில் பேச முடியாது, குரல் வானத்தில் இருந்து வந்தது என்றீர்கள், அவருடைய மொழியிலேயே.

“அப்படியெண்டால் அந்தக் குரல் திரும்ப வரட்டும், மிஸ். வராட்டி இவன் எங்களோட வருவான்.”

செய்மதி உலகைச் சுற்றித் திரும்ப ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கடலோரத் தண்டவாளத்தில் ரயில்கள் போயின, வந்தன. துப்பாக்கிகள் வெயிலில் காய்ந்தன. கிளெமென்ற் மட்டும் உங்கள் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்:

“ரீச்சர், உங்கட சற்றலைற் இண்டைக்கு லீவோ?”

“பேசாம இரும் கிளெமென்ற். அது அரசாங்க உத்தியோகம் இல்லை, நேரத்துக்கு வரும்.”

வந்தது! மேற்கே, கடலுக்கு மேலே. நீங்கள் அன்ரெனாவை உயர்த்தினீர்கள்; பெட்டியில் ‘டிட் டா’ எழுந்தது. ஆனால் ஐயோ, அது விட்டுவிட்டு, தேய்ந்து தேய்ந்து, நடுங்கி நடுங்கி வந்தது! அதிகாரியின் கண்கள் சுருங்கின.

“ஏன் மிஸ் இது நடுங்குது? நீங்கள் ஏதோ செய்யிறீங்களோ?”

“அது அயன மண்டலம், சேர். அதைத்தான் நாங்கள் படிக்கிறோம்.”

அவர் ஹெட்போனை வாங்கித் தம் காதில் வைத்தார். குரல் கடலுக்கு அப்பால் தேய்ந்து மறையும்வரை கேட்டார். பின் கிளெமென்றின் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அயன மண்டலம் அன்று ஓர் உயிரைக் காத்தது என்று, புதிதாய் வரும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இன்றுவரை சொல்லி வருகிறோம்.

அம்மையே! இம்மடலை வாசிக்கும் இவ்வேளையிலும் தெருவில் ஒரு வாகனம் நின்றால் வாசிப்பவரின் குரல் தாழும், பொறுத்தருளுங்கள். சோதனைச் சாவடி இல்லாத தெருவில் நீங்கள் மாலையில் நடக்கவும், உடல்நலம் குன்றாது நீடு வாழவும், எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிடாமல் இரவில் உறங்கவும் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கிளெமென்றும், உங்கள் சக ஆசிரியர்களும், அலுவலர்களும்
கொழும்பு 6, 1999

பிற்சேர்க்கை: ஆண்டும் பட்டமும் சரியா என்று பார்க்க, வழமைபோல் இம்மடலை முன்கூட்டியே உங்களிடம் காட்டினோம். அவற்றில் நீங்கள் கை வைக்கவில்லை. ‘நடுங்காத கைகள்’ என்பதை மட்டும் வெட்டச் சொன்னீர்கள். நாங்கள் மறுத்தோம். அப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் சொன்னதையும் மடலை மாட்டும் இதே மரச் சட்டத்துக்குள் சேர்த்துவிடுகிறோம்:

“பட்டப்பகலில அயன மண்டலம் ஏன் பிள்ளையள் நடுங்கப்போகுது? அண்டைக்கு நடுங்கினது அன்ரெனா பிடிச்ச என்ர கை.”