நடு நாற்காலி

எங்கள் ஆலையில் படம் பிடிக்கிறவர் எல்லோரையும் ‘கத்தரிக்காய்’ சொல்லச் சொல்வார். சொன்னால் வாய் அகன்று பல் தெரியும். உங்கள் காவல் நிலையத்திலும் அப்படித்தான் எடுப்பீர்கள்.

நான் தோங் ஷௌலின். விமான இன்ஜினுக்குள் நெருப்பில் சுழலும் பிளேடுகளைச் சோதித்து அனுப்புகிறவன். விமானம் சீனாக்காரனுடையது, இன்ஜின் மட்டும் வெளிநாட்டுக்காரனுடையது என்று உலகமே இளித்த காலமெல்லாம் உலைக்கு முன்னால் நின்று வெந்தவன். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும்.

பயணிகள் விமானத்துக்கான எங்கள் சொந்த இன்ஜின் முதன்முறை ஓடிய அன்று ஆலை வாசலில் குழுப்படம் எடுத்தார்கள். முன்வரிசையில் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. என் பெயரைத் தேடினேன். இல்லை. கடைசி வரிசையில், கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். பாதி முகத்தைக் கம்பம் மறைத்துவிட்டது. நடு நாற்காலியில் தலைமைப் பொறியாளர் லுவான் ஜிங். என்னைவிட மிகவும் இளையவள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னண்ணே, அங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க? அடுத்த படத்துல இந்த நாற்காலி உங்களுக்குத்தான்.”

நல்லவள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் கோபமெல்லாம் அவசரத்தின் மேல். ஆலை இயக்குநர் ஹாவ் மேசையைத் தட்டுவார். “எத்தனை காலத்துக்குய்யா இன்ஜினுக்கு அடுத்தவன்கிட்ட கையேந்துறது? தேசிய நாளுக்குள்ள முழு வேகத்துல ஓட்டிக் காட்டணும். முடியாதுன்னு ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது.” கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. வாயைத் திறக்கக்கூடாது என்றார். நான் திறக்கவில்லை.

கடைசியாக வந்த பிளேடுகளில் ஒன்றின் அடியில் எள்ளளவு விரிசல் எக்ஸ்ரேயில் தெரிந்தது. யோசித்தேன். சொன்னால் பிளேடை மாற்றுவார்கள், இன்ஜின் ஓடும், கைதட்டுவார்கள், அவசரம் ஜெயித்துவிடும். நாளைக்கு வேறொரு விரிசலை எவனாவது கோட்டைவிடுவான், வானத்தில் விமானம் வெடித்து அதிலிருக்கும் ஜனமெல்லாம் சாகும். தரையிலேயே பாடம் கிடைத்தால் புண்ணியம்தானே? நல்ல பிளேடுகளோடு அதையும் சேர்த்து அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் லுவான் ஜிங் வந்தாள். புளித்த முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டைகளில் பாதியை என் டப்பாவில் தள்ளினாள்.

“பிளேடெல்லாம் பார்த்தாச்சாண்ணே?”

“பார்த்தாச்சு.”

“நீங்க பார்த்தா சரி. இனி வேற யாரும் பார்க்க வேணாம்.”

கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

சோதனை அன்று கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். முழு வேகம் காட்டியபின் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டார்கள். எண்ணெய் கசிகிறதா என்று அப்போது ஒருவர் இன்ஜின் ஓடும் அறைக்குள் போய்ப் பார்ப்பது வழக்கம். அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அன்றும் அவளேதான் உள்ளே போனாள். மீட்டரில் அதிர்வு மெல்ல ஏறியது. மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விரிசலைப் பார்த்தவனுக்குத்தானே அதன் அர்த்தம் புரியும்? மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ‘வெளியே வா’ என்றால் போதும். அவள் கண்ணாடி வழியே என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன்.

பிளேடு பிய்த்துக்கொண்டு வந்தது. அவளுக்கு வைத்தியர் தேவைப்படவில்லை.

அவள் விட்ட வேலையை முடித்தே தீருவோம் என்று எல்லோரும் உறுதிமொழி எடுத்தோம். கையில் கறுப்புப் பட்டையோடு ஆலை வாசலில் மறுபடி குழுப்படம். இயக்குநர் ஹாவே வந்து என் கையைப் பிடித்தார். “நடுவுல உக்காருங்க, தோங். உங்களுக்குத்தான் இந்த நாற்காலின்னு அவ முன்னாடியே சொல்லி வச்சிருந்தா.” உட்கார்ந்தேன். இந்த முறை முகம் முழுதாக விழுந்தது.

எல்லோரும் தலைகுனிந்திருக்கையில் நான் மட்டும் ஏன் சிரிக்கிறேன் என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேட்கிறீர்கள். கத்தரிக்காய் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அன்று யாருமே அப்படிச் சொல்லவில்லை என்கிறீர்கள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது, ஐயா.