அசையாமல் இருந்தவள்

ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்று பாளையம்பட்டியில் என்னைச் சொல்வார்கள். விசாரித்துப் பாருங்கள் ஐயா. எலக்ட்ரிக்கல் கடை நேரம் போக, பூச்சிகளைக் கிட்டத்தில் படம் எடுப்பதுதான் எனக்கு வேலை. எறும்பின் மீசை, தும்பியின் கண், வெட்டுக்கிளியின் கால் முள். பூச்சி அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் டப்பாவில் பிடித்துப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைப்பேன். மரத்துப்போய் இருக்கும்போது எடுத்துவிட்டு வெயிலில் விட்டால் பறந்துவிடும். ஒன்றைக்கூட நான் கொன்றதில்லை.

வேறொருத்தியாக இருந்தால் தக்காளிக்குப் பக்கத்தில் அந்த டப்பாவைப் பார்த்ததும் ஊரைக் கூட்டியிருப்பாள். என் மனைவி ஈஸ்வரி, "இன்னைக்கு யாரு விருந்தாளி?" என்று கேட்டுவிட்டு நகர்த்தி வைப்பாள். படம் எடுக்கும்போது பூச்சி உட்கார்ந்த கிளையைப் பிடித்துக்கொடுப்பதும் அவள்தான். மூச்சு விட்டால் கிளை ஆடும். நான் "பிடி" என்றால் மூச்சை அடக்குவாள். "விடு" என்றால்தான் விடுவாள். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட முந்தி விட்டதில்லை. அப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாள்.

போன வருடம் குளவி கொட்டி அவளுக்கு முகம் வீங்கித் தொண்டை அடைத்துவிட்டது. இன்னொரு முறை கொட்டினால் தாங்காது, உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார் டாக்டர். என்னிடம்தான் சொன்னார்.

சித்திரையில் பரளச்சியில் மாமனார் புஞ்சைக்குப் போயிருந்தோம். ஊரெல்லாம் காய்ந்து கிடந்ததால் ஆட்டுத் தொட்டித் தண்ணீருக்குக் குளவிகள் வந்தன. ஒன்று தானாக வந்து அவள் கையில் உட்கார்ந்தது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். தானாகத்தான் வந்தது. அவள் மணிக்கட்டில் கருப்பட்டிப் பாகு தடவியது மட்டும் நான். நக்கிவிட்டுப் போய்விடும் என்றேன்.

"கொட்டிருச்சுன்னா பக்கத்துல இருப்பீகள்ல?" என்று கேட்டாள்.

இருப்பேன் என்றேன். இருந்தேன்.

குளவி சும்மா கொட்டாது ஐயா. ஈர்க்குச்சியால் அதன் வயிற்றை லேசாகத் தொட்டேன். தோலில் கொடுக்கு இறங்குவதை பூச்சிப் படம் எடுக்கும் எங்கள் குழுவில் யாரும் எடுத்ததில்லை.

படத்தோடு நேரமும் பதிவாகும் என்பதை மறந்துவிட்டேன். கொட்டியது ஒன்பது பதினான்கு. ஆம்புலன்ஸுக்கு நான் பேசியது ஒன்பது இருபத்தாறு. கொட்டிய குளவி திரும்பப் பாகுக்கே வந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நாற்பத்தோரு படங்கள். எல்லாவற்றிலும் குளவி துல்லியமாக இருக்கிறது. பின்னால் ஈஸ்வரியின் முகம் கலங்கலாகத்தான் தெரியும். கிட்டத்து லென்ஸ் அப்படித்தான்.

"மூச்சு முட்டுதுங்க" என்றாள், ஒரே ஒரு தரம். கையை இழுக்கவில்லை. நான் "பிடி" என்று சொல்லியிருந்தேன். "விடு" என்று சொல்லவேயில்லை.

அவள்மேல் எனக்கு உயிர் ஐயா. வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் யாரு விருந்தாளி என்று கேட்க ஆளில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேமராவில் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்த பதினேழாவது படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். அவ்வளவு அசையாமல் இருந்து கொடுத்தாள். அது வீணாகக் கூடாது.