வாளி நெறையச் செவலைக்காளை

இல்லக்கா, மடியிலேயே இருக்கட்டும். மேல வச்சா அம்புட்டும் போச்சு. கீழயும் வேணாம், இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு வாளி முன் சீட்டுக்கே போயிரும். நீங்க லேசா அங்கிட்டு ஒட்டி ஒக்காந்தீங்கன்னா போதும். ஆங், அவ்வளவுதான். நல்லா இருப்பீங்க.

பாலா? இல்லக்கா. மீனும் இல்ல, மோந்து பாக்காதீங்க. இது மாடு. ஆமா, மாடுதான். சிரிக்கிறீங்க பாத்தீங்களா! இருங்க, துணிய வெலக்குறேன், கையப் போடாமப் பாக்கணும். பாத்தீங்களா? அம்புட்டும் செவலைக்காளை. கொம்பு முந்திரிப்பருப்பு. கண்ணு சீரகமுட்டாய். மூஞ்சி கேக்கு, மேல பூசுனது சாக்லேட்டு. கேக் பாப்பும்பாங்க. கேக்கு உருண்டைய குச்சியில குத்தி வச்சிருக்குன்னு வச்சுக்கங்களேன். பேக்கரியில வாங்குனதில்லக்கா, இந்தக் கைதான் செஞ்சது.

அடியில இருக்கறதா? வாழைமரத்துத் துண்டு. ஊதுபத்தியை வாழைப்பழத்துல குத்தி வைக்கிறோம்ல, அந்த ரோசனைதான். போன்ல காட்டுறவங்க எல்லாம் தெர்மாக்கோலுல குத்தி நிப்பாட்டுறாங்க. நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மாக்கோல் தாங்குமா? கொல்லையில தார் வெட்டுன வாழைமரம் கெடந்துச்சு. ஒரு துண்டு அறுத்து வாளிக்குள்ள எறக்குனேன். குளுகுளுன்னு இருக்கும். குச்சியும் ஆடாது. எம்மகளே அசந்து போயிட்டா. அவ என்னையப் பாத்து அசந்தது அது ஒண்ணுக்குத்தான்.

அந்தா, முன்னாடி சன்னலோரமா, பச்சைச் சுடிதார் போட்டுக்கிட்டு, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கால்ல, அவதான். சிவரஞ்சனி. நர்சிங் முடிச்சிட்டு புதுக்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. எனக்கு குன்றாண்டார்கோவில் பக்கம். ஸ்கூல்ல சத்துணவு சமைக்கிறேன்க்கா. பேரு முத்துமாரியம்மாள். ஸ்கூல் புள்ளைகளுக்கு மாரி ஆத்தா.

எங்கயா? மாப்ள வீட்டுக்குத்தான். அறந்தாங்கிக்கு இங்கிட்டே எறங்கிருவோம். வீடு பாத்துட்டு, பேசிட்டு வரணும். ஆமாக்கா, நீங்க சொல்றது சரிதான், மாப்ள வீடு பாக்கப் போனா வேன் வச்சு, பங்காளி, மாமன், மச்சான்னு ஒரு கூட்டத்தோடதான் போவாங்க. எங்களுக்கு யாரு இருக்கா? நானும் மகளும்தான். ரெண்டே பேரா நல்ல காரியத்துக்குப் போனா நல்லாருக்காதுன்னு மகட்ட சொன்னேன். வாளிக்குள்ள இருக்குற மாட்டையும் சேத்துக்கம்மா, ஒரு கூட்டமே ஆயிருச்சுன்றா. எகத்தாளத்தப் பாருங்க.

அது ஏன் மாடுன்னா, அங்க ஒரு புள்ள இருக்கு. சுடர்விழின்னு பேரு. மூணாவது படிக்குது. மாப்ளையோட மக.

தெரியும், இப்புடித்தான் முழிப்பீங்கன்னு தெரியும். மொதச் சம்சாரம் காய்ச்சல்ல தவறிருச்சு. நல்ல மனுசன்க்கா. ஆத்மநாதன்னு பேரு. சொந்த லோடு வண்டி ஓட்டுறாரு. குடி கெடையாது. புள்ளைக்குத் தலை சீவி ரெட்டைச்சடை போட்டு ஸ்கூலுக்கு அனுப்புற ஆம்பளைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? வகிடு கோணலா இருக்கும்னு அவுக அக்கா சொல்லிச் சிரிக்கும். அவுக அக்கா பொற்கொடி டீச்சர், எங்க ஸ்கூல்லதான் வேலை பாக்குது. அதுதான் இந்தச் சம்பந்தத்தையே கேட்டது. தம்பி தனியாக் கெடக்கான், நம்ம ரெண்டு வீடும் ஒண்ணானா என்னன்னு.

அந்த மனுசன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். என் மக சரின்னாத்தான். அது வேணாம்னுச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு. கரெக்டுதானக்கா? நமக்கு அந்த மனுசனைப் புடிச்சதே அந்தச் சொல்லுக்குத்தான். ஆனா இப்பப் பாருங்க, தாலி ஏறுறதும் ஏறாததும் ஒரு மூணாவது படிக்கிற புள்ள கையில இருக்கு. அது லேசுப்பட்ட புள்ளையில்ல. ஏற்கெனவே ஒரு பக்கம் பேசி, அவுங்க பெரிய பொம்மையா வாங்கிட்டு வந்திருக்காங்க. அதை அப்படியே வாசல்ல வச்சு, எடுத்துட்டுப் போங்கன்னுருச்சாம். எங்க அம்மா போட்டோவுல இருக்காங்க, வேற அம்மா வேணாம்னு சொல்லிருச்சாம்.

பெறகு டீச்சர் ஒரு நா வீடியோ கால் போட்டு, பேசுங்கன்னு போனைப் புள்ளட்ட குடுத்துருச்சு. அதுக்கு என்ன பேசுறது? பாப்பா சாப்பிட்டியான்னேன். ம்ங்குது. என்ன சாப்பிட்டேன்னேன். சோறுங்குது. அவ்வளவுதான். அந்நேரம் பின்னாடி ஒரு மாடு கத்துச்சு. என்ன பாப்பா உங்க வீட்டு மாடான்னு ஒரு வார்த்தை கேட்டேன் பாருங்க, போனைத் தூக்கிக்கிட்டு தொழுவத்துக்கே ஓடிருச்சு. இதுதான் செவலை, வாடிவாசல்ல அவுத்து விட்டா எவனாலயும் புடிக்க முடியாது, நான் கூப்புட்டா மட்டும் நாய்க்குட்டி மாதிரி வரும்னு ஒரே பேச்சு. செவலை தின்கிற பருத்திக்கொட்டையில இருந்து சாணி போடுற நேரம் வரைக்கும் சொல்லிருச்சு. கடைசியா, போன்ல நாய்க்குட்டி மாதிரி, பூனைக்குட்டி மாதிரி கேக்கு செய்யுறாங்க, உங்களுக்கு எங்க செவலை மாதிரி செய்யத் தெரியுமான்னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பின்னாடி நின்ன சிவரஞ்சனி, ஓ, தெரியுமேன்னுட்டா! பாவி மக. அப்ப செஞ்சு எடுத்துட்டு வாங்க, பாப்போம்னுச்சு அது.

பாப்போம்னுச்சுக்கா. வரக் கூடாதுன்னு சொல்லல பாருங்க.

அவ எதுக்கு செய்யணும்? அவளுக்கு வெந்நி வைக்கவே வராது. நாந்தான் செய்யணும். நான் செஞ்சாத்தான் சரியா இருக்கும். சொல்றேன், கேளுங்க.

கேக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. குக்கருக்குள்ள மணலைப் போட்டு, வெயிட்டைக் கழட்டிட்டு வேக வச்சு எடுத்துட்டேன். அதை உதுத்து, வெண்ணெயும் சீனிப்பொடியும் போட்டுப் பெசஞ்சு உருட்டணும். உருட்டுறதெல்லாம் நமக்குச் சொல்லிக் குடுக்கணுமா? சாக்லேட்டுலதான் சறுக்கிட்டேன். கொதிக்கிற தண்ணிச் சட்டி மேல இன்னொரு ஏனத்தை வச்சு உருக்கச் சொன்னா மக. உருகுச்சு. ஆனா கெட்டியா இருந்துச்சு. ஸ்கூல்ல சாம்பார் கெட்டியாப் போனா என்னக்கா செய்வேன்? கை தன்னால செம்புக்குத்தான போகும்? லேசா வெந்நியத் தெளிச்சேன். அம்புட்டுத்தான். பொரபொரன்னு திரிஞ்சு, கரண்டியப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. சேத்துல மாட்டுன டயர் மாதிரி நிக்குது. சாக்லேட்டுல சொட்டுத் தண்ணி படக் கூடாதாம். எவளாச்சும் முன்னாடியே சொன்னாத்தான?

எண்ணெய் ஊத்துனா எளகும்னா மக. ஊத்துனேன். எந்த எண்ணெய்? தலைக்குத் தேய்க்க வச்சிருந்த செக்கெண்ணெய். அவசரத்துல அதுதான் கையில ஆப்ட்டுச்சு. ஒண்ணை வாயில போட்டுட்டு, அம்மா, தலைக்குக் குளிச்சிட்டு கூந்தலைச் சப்புன மாதிரி இருக்குன்றா. அன்னைக்குச் செஞ்ச அம்புட்டையும் கோழி தின்னுச்சு. கோழிக்கு ஒண்ணும் ஆகல.

மறுக்கா சாக்லேட்டு வாங்கியாந்து, வாசம் இல்லாத எண்ணெயா ரெண்டு சொட்டு விட்டு, பதமா வந்துச்சு. இப்ப உருண்டை குச்சியில நிக்க மாட்டேங்குது. மொதல்ல குச்சி நுனிய சாக்லேட்டுல தொட்டுக் குத்தணும், அது காஞ்சு புடிச்சதுக்கு அப்பறம்தான் உருண்டைய முக்கணும். உருண்டை ரொம்பச் சில்லுன்னு இருந்தா வெடிச்சுப் போகுது. பிரிஜ்ஜுல இருந்து எடுத்து செத்த நேரம் வெளிய வைக்கணும். இதெல்லாம் எனக்கு இப்பத் தலைகீழா வரும். யாராச்சும் கேட்டீங்கன்னா சொல்லித் தாரேன்.

மூஞ்சி வைக்கப் போனேன் பாருங்க, அதுதான் பெரிய கூத்து. கண்ணு பெருசாப் போயி, நாக்கை வேற செவப்பா தொங்க விட்டுட்டேனா, பக்கத்து வீட்டுக் காத்தாயி எட்டிப் பாத்துட்டு, திருஷ்டி பொம்மை நல்லாருக்கே, கடை வாசல்ல கட்ட எனக்கு ஒண்ணு குடுங்குறா. எனக்கு வந்துச்சே கோவம்! மாட்டுமூஞ்சி தெரியலயாடி ஒனக்குன்னு சண்டை போட்டுட்டேன். ஆனா பொறவு நானே தள்ளி நின்னு பாத்தேன். அவ சொன்னது நெசந்தான். எலுமிச்சம்பழம், பச்சமொளகா மட்டுந்தான் பாக்கி. அப்பறம் டீச்சர்ட்ட சொல்லி செவலையோட போட்டோவை வாங்கி, அடுப்படிச் செவத்துல ஒட்டி வச்சு, பாத்துப் பாத்துச் செஞ்சேன். அதுக்கு எடது கொம்பு லேசா உள்ளுக்கு வளைஞ்சிருக்கும்க்கா. அப்புடி வளைஞ்ச முந்திரியாப் பொறுக்கி எடுத்தேன். ஒரு பாக்கெட்டுல மூணோ நாலோதான் தேறும். மத்ததெல்லாம் பாயாசத்துக்கு.

ஏய் ஏய் ஏய்! பாத்து ஓட்டுங்கய்யா! பிரேக்கா இது? ஐயோ, ஒண்ணு சாஞ்சிருச்சு பாருங்க. கொம்பு போச்சு. இல்லக்கா, மத்ததெல்லாம் நிக்குது, வாழைத்தண்டு விடல. இந்தாங்க, இதை நீங்க சாப்பிடுங்க. அட, சும்மா சாப்பிடுங்க. ஒத்தக்கொம்பு மாட்டைக் கொண்டு போயி அந்தப் புள்ளட்ட காட்ட முடியுமா? நல்லாருக்கா? நெசமா? எண்ணெய் வாசம் அடிக்கலயே?

என்னக்கா, பாதி தின்னுட்டு அப்புடியே நிறுத்திட்டீங்க? ஆமா, சின்ன வயசுதான் அவளுக்கு. படிச்சிருக்கா, சம்பாதிக்கிறா, கண்ணுக்கு லட்சணமா இருக்கா, எல்லாம் சரிதான். ரெண்டாந்தாரமா, புள்ள இருக்குற எடத்துலயான்னு... ஐயோ, எங்க எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்கக்கா! அவகிட்டப் போயி எதையும் கேட்டு வச்சிராதீங்க, பஸ்ஸே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிப்பா. ஒக்காருங்க சொல்றேன்.

அவளுக்கு இல்லக்கா. பொண்ணு நாந்தான்.

அட, விழுங்குங்க மொதல்ல. பொரையேறிரப் போகுது. இந்தாங்க தண்ணி.

மொதல்லயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா வேற சீட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவீங்களோன்னு இருந்துச்சு. ஊர்லயே யாருக்கும் சொல்லல. வாளியத் தூக்கிக்கிட்டு வாரேன், எதுத்தாப்புல வந்தவுங்க எல்லாம் என்னது என்னதுன்னு கேக்குறாங்க, பர்த்டே ஆர்டருன்னுட்டேன். எம்மக எட்டாவது படிக்கையில அவுக அப்பா போனாரு. அதுல இருந்து நல்ல காரியம் நடக்குற வீட்டுல நான் அடுப்படியத் தாண்டுனதில்லக்கா. ஆயிரம் பேருக்குச் சமைப்பேன், முன்னாடி வந்து பரிமாற மாட்டேன். டீச்சர் கேட்டப்ப வேணாம்னு அழுதேன். எம்மகதான், நானும் கட்டிக்கிட்டுப் போயிட்டா நீ யாருக்கு ஒலை வைப்பேன்னு கேட்டா. அவளே பேசுனா, அவளே நாளு குறிச்சா. ஒலகத்துல பெத்தவளுக்கு மாப்ள பாத்த மொத மக அவளாத்தான் இருப்பா.

அசிங்கமாத் தெரியுதாக்கா ஒங்களுக்கு?

இதுல என்ன அசிங்கம்ன்றீங்களா? சரி. சரிக்கா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஒண்ணுமில்ல. மனுசனைப் பத்திக்கூட எனக்குப் பயமில்ல. அந்தப் புள்ளைய நெனச்சாத்தான். அது வேணாம்னு சொல்லிருச்சுன்னா, இந்த வாளியத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட திரும்ப பஸ் ஏறுவேன்? ஆசைப்படாமயே இருந்திருக்கலாம்ல? இப்ப ஆசைப்பட்டுட்டேனே.

கண்டெக்டரு நம்ம ஸ்டாப்புன்றாரு. ஆங், எறங்கணும், எறங்கணும்! எங்க? அந்தா, வேப்பமரத்தடியில டீச்சரு நிக்குது. பக்கத்துல... அய்யோ, அதுவும் வந்திருக்குக்கா. ரெட்டைச்சடை. எக்கி எக்கிப் பாக்குது.

அக்கா, ஒரு ஒதவி. என் பைக்குள்ள மேலாப்புல எலையில சுத்தி மல்லியப்பூ இருக்கும், எடுங்க. மகதான் வாங்குனா. வீட்டுல வச்சு விட வந்தா, ஊரு பாக்கும், வேணாம்னுட்டேன். வாளியப் புடிக்கவே ரெண்டு கையும் பத்தல எனக்கு. நீங்க வச்சு விடுங்களேன். ஊசி அதுலயே இருக்கு. கோணலா இருந்தாலும் பரவாயில்ல. நல்லா அழுத்திக் குத்துங்கக்கா. ஒருவேள அந்தப் புள்ள ஓடியாந்து கட்டிக்கிருச்சுன்னா, பூ விழுந்துறக் கூடாது பாருங்க.